இருபத்தாறு பேர், ஒரே தண்டனை

1998 ஜனவரி 28. பூந்தமல்லி தடா தனி நீதிமன்றத்தில் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தீர்ப்பு நாள். நான் அப்போது பூந்தமல்லியில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். வாய்தா வாங்குவதும், நகல் மனு போடுவதும், சீனியரின் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதும்தான் வேலை. மதியத்துக்குள் சேதி வந்துவிட்டது. நீதிபதி வி. நவநீதம், குற்றக் கூண்டில் நின்ற 26 பேரையும் குற்றவாளிகள் என்று முடிவு செய்து, 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்திருந்தார்.

கரையான்சாவடி டீக்கடையில் வக்கீல்கள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். "வேற என்ன கொடுக்க முடியும்?" என்றவர்களும் உண்டு, வாயடைத்துப் போனவர்களும் உண்டு. என் சீனியர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்ப்பா, இருபத்தாறு பேரும் ஒரே அளவா செஞ்சிருப்பாங்க?"

அந்த வழக்கில் எனக்கோ என் சீனியருக்கோ வக்காலத்து இல்லை. விசாரணை மூடிய அறையில் நடந்தது. நாங்கள் பார்த்ததெல்லாம் மதிலையும், காவலையும், கைதிகளை ஏற்றிவரும் வண்டிகளையும்தான். ஆனால் அதன் மேல்முறையீட்டுத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். கொலை வழக்கு ஒன்று கையில் வந்து, அரசுத் தரப்பு தூக்கு கேட்கும் என்று தோன்றினாலே அதை எடுத்துவைத்துக்கொள்வேன். ஒரு தூக்குத் தண்டனையை மேல் நீதிமன்றம் எப்படிப் பார்க்க வேண்டும், எங்கே அதன் பார்வை எட்டாமல் போகும் என்ற இரண்டையுமே அந்த வழக்கில் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் சாதாரண வழியைச் சொல்லிவிடுகிறேன். செஷன்ஸ் நீதிபதி தூக்கு விதித்தால் அந்தத் தண்டனை அப்போது முழுமை பெற்றதாகாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366ஆம் பிரிவுப்படி (புதிய சட்டத்தில் 407) அவர் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். குற்றவாளி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் அது போயே தீரும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு 'ரெஃபர்டு ட்ரயல்' என்று பெயர். வக்கீல்கள் பேச்சில் 'ஆர்.டி.' இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து சாட்சியம் முழுவதையும் தாங்களே முதலிலிருந்து எடை போட வேண்டும். கீழ் நீதிமன்றம் சொன்னது சரியா என்று மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. அடுத்த பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: தேவையென்றால் உயர் நீதிமன்றமே கூடுதல் சாட்சியம் எடுக்கலாம், எடுக்கச் சொல்லலாம். இந்த அதிகாரம் ஏட்டில் இருக்கிற அளவுக்குப் புழக்கத்தில் இல்லை என்பது என் வருத்தம்.

பயங்கரவாதத் தடுப்புக்காக வந்த தடாச் சட்டம் இந்தப் படியையே எடுத்துவிட்டது. அதன் 19ஆம் பிரிவுப்படி மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு, அதுவும் 30 நாளுக்குள். பூந்தமல்லியில் தூக்கு வாங்கிய 26 பேருக்கும் சென்னை உயர் நீதிமன்றம் என்ற கதவே இல்லாமல் போனது. மற்ற வழக்குகளில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் குப்பைக்குச் சமம். தடாவிலோ எஸ்.பி. பதவியில் இருந்த அதிகாரி எழுதிய வாக்குமூலம் சாட்சியமாக ஏறியது. இந்த வழக்கில் அப்படி 17 பேருடைய வாக்குமூலங்கள் இருந்தன. சாட்டப்பட்ட 41 பேரில் 12 பேர் உயிரோடு இல்லை, 3 பேர் தலைமறைவு. மிச்சமிருந்தவர்கள்தான் அந்த 26 பேர். அரசுத் தரப்புச் சாட்சிகள் 288 பேர்.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, எஸ்.எஸ்.எம். காத்ரி மூவரும் கேட்டார்கள். எதிரிகளுக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் வாதாடினார். 1999 மே 11 அன்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு செய்த முதல் காரியம், 26 பேர் என்ற கும்பலைக் கலைத்ததுதான். யார் கொலைச் சதிக்குள் இருந்தார், யார் வெளியே நின்று உதவினார் என்று ஒவ்வொருவரையும் தனியாக எடுத்துப் பார்த்தது. வீடு கொடுத்தவர் இருக்கிறார். பாஸ்போர்ட் விஷயத்தில் சிக்கியவர் இருக்கிறார். கொலைக்குப் பிறகு ஆளை ஒளித்துவைத்தவர் இருக்கிறார். விடுதலைப் புலிகள் மீது பரிவு உண்டு என்பது ஒருவரைப் பற்றிய உண்மையாக இருக்கலாம், ஆனால் ராஜீவைக் கொல்லப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்ததற்கு என்ன ஆதாரம்? இந்தக் கேள்வியை ஒவ்வொரு பெயருக்கும் கேட்டார்கள். சதியில் பங்கேற்பது வேறு, சதிகாரரோடு பழகுவது வேறு என்ற கோட்டைத் தெளிவாகப் போட்டார்கள். தடாக் குற்றங்களே இந்த வழக்கில் நிரூபணம் ஆகவில்லை என்றும் முடிவு சொன்னார்கள்.

விளைவு: 19 பேர் வெளியே வந்தார்கள். அவர்களில் சிலர் மீது சிறு குற்றங்கள் நின்றன, அதற்கான தண்டனையை ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தார்கள். 26 பேரில் ஒருவரான நளினியின் தாயும் தம்பியும், சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு புகைப்படக்காரரும் அந்த 19 பேரில் அடக்கம். மூவருக்குத் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்கும் தூக்கு உறுதியானது. நளினி விஷயத்தில் மட்டும் நீதிபதி தாமஸ் மாறுபட்டார். நளினி மற்றவர்களின் பேச்சுக்கு இழுபட்டவர், சிறையில் பிறந்த பெண் குழந்தைக்குத் தாய், தகப்பனுக்கும் தூக்கு என்னும்போது அந்தக் குழந்தை யாருமற்றுப் போகும் என்பதை அவர் எடை போட்டார். மற்ற இருவரும் ஏற்கவில்லை. இரண்டுக்கு ஒன்று. 2000-இல் தமிழக அமைச்சரவையின் பரிந்துரையை ஏற்று ஆளுநர் நளினியின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார்.

ஒரு ஊர் நீதிமன்றத்தில் 26 பேருக்கு எழுதிய தூக்கில் 19 பேர் கொலைக் குற்றத்துக்கே ஆளாகவில்லை என்றால், அந்த மேல்முறையீடு இல்லாத நாட்டில் என்ன ஆகியிருக்கும்? என் சீனியர் டீக்கடையில் கேட்ட கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பெயர் பெயராகப் பதில் சொல்லியிருந்தது. குற்றத்தைப் பிரித்த அந்த வேலைக்காக நான் அந்தத் தீர்ப்பை மதிக்கிறேன்.

தண்டனைப் பகுதிக்கு வந்தால் என்னால் அதே மரியாதையைத் தர முடியவில்லை. 1980-இல் பச்சன் சிங் வழக்கிலேயே அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது: தூக்கு அரிதினும் அரிதான வழக்குக்குத்தான், அதையும் குற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, குற்றம் செய்த ஆளையும் பார்க்க வேண்டும். அவன் வயது என்ன, எப்படி வளர்ந்தான், யாருடைய பிடியில் இருந்தான், திருந்துவானா? 1999 தீர்ப்பில் குற்றத்தின் கொடூரமும் கொல்லப்பட்டவரின் இடமும் பெரிதாக நின்றன. நால்வரைப் பற்றியும், நளினி குறித்த அந்த மாறுபட்ட கருத்தைத் தவிர, மனிதர்களாகத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. இதை நான் துணிச்சலாகச் சொல்வதற்குக் காரணம், அந்த அமர்வின் தலைவரே 2013-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார் என்பதுதான். எதிரிகளின் இயல்பையும் குணத்தையும் அன்று கருத்தில் கொள்ளவில்லை, பிறகு நீதிபதி எஸ்.பி. சின்ஹா எழுதிய தீர்ப்பின் வெளிச்சத்தில் அது பிழையே என்ற பொருளில் நீதிபதி தாமஸ் பேசினார். ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி தன் தீர்ப்பைப் பற்றி அப்படிப் பேசுவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்!

அவர் சுட்டிய சின்ஹா தீர்ப்பு 2009-இல் வந்த சந்தோஷ் பரியார் வழக்கு. அதில்தான் உச்ச நீதிமன்றம், குற்றத்தின் தன்மை ஒன்றே போதும் என்று 1995-இல் ராவ்ஜி வழக்கில் தான் சொன்னது பச்சன் சிங்குக்கு மாறான தவறு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ராவ்ஜி என்ற அந்த மனிதர் ராஜஸ்தானில் 1996 மே மாதமே தூக்கிலிடப்பட்டிருந்தார். அவர் வழக்கைப் பின்பற்றித் தண்டிக்கப்பட்ட சூர்ஜா ராமை 1997-இல் தூக்கிலிட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதிகள் 14 பேர் 2012-இல் இதைக் குடியரசுத் தலைவருக்கே எழுதினார்கள். சட்டம் தன்னைத் திருத்திக்கொண்டபோது, திருத்தத்தால் பயன்பட வேண்டிய இருவரும் இல்லை.

இனி பேட்டரி விஷயம். பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார், அவை வெடிகுண்டில் பயன்பட்டன என்பது. வாங்கியதாக வாக்குமூலத்தில் இருந்தது. எதற்கென்று தெரிந்து வாங்கினாரா என்பதில்தான் அவர் உயிர் இருந்தது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் சிபிஐ எஸ்.பி. வி. தியாகராஜன். ஓய்வு பெற்ற பிறகு 2013-இல் அவர் சொன்னார்: எதற்காக அந்த பேட்டரிகள் என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். பின்பு அதைப் பிரமாணப் பத்திரமாகவும் தாக்கல் செய்தார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் அந்த ஒரு வரியை அவர்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. மேல்முறையீட்டுக்குப் போகும் ஆவணத் தொகுப்பான பேப்பர் புக்கில் அது இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை, எதிரியின் குரலைக் கேட்பதில்லை. கீழே என்ன எழுதப்பட்டதோ அதுதான் மேலே போகும். எழுதப்படாதது மேலே இல்லவே இல்லை. நியாயமான மறுபரிசீலனை வேண்டும் என்று நாம் தில்லியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த நியாயத்தின் பெரும்பகுதி விசாரணை நீதிமன்றத்தின் தட்டச்சுத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது. பல ஆண்டுத் தொழிலில் எனக்குச் சொல்லத் தகுந்ததாகத் தோன்றுவது இது ஒன்றுதான்.

மிச்சக் கதை தெரிந்ததே. தூக்கு நின்ற மற்ற மூவரும் 2000-இல் போட்ட கருணை மனுக்கள் 11 ஆண்டு கிடந்து 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டன. செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 30 அன்று நிறுத்தி வைத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு, விளக்கமில்லாத அந்தத் தாமதத்துக்காக மூவரின் தூக்கையும் ஆயுளாக மாற்றியது. 2022 மே 18 அன்று பேரறிவாளனையும், நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பூந்தமல்லியில் எழுதிய 26 தூக்கில் ஒன்றுகூட நிறைவேறவில்லை.

பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழக்கு உண்டு, மாங்காடு காவல் நிலைய வழக்கு. 2017 பிப்ரவரியில் முகலிவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஏழு வயதுச் சிறுமி காணாமல் போனாள். எரிந்த நிலையில் உடல் கிடைத்தது. அதே குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் கைதானார். குழந்தையின் பெயரைச் சொல்ல சட்டம் இடம் தராது, அவர் பெயரும் இங்கே தேவையில்லை. ஜாமீனில் இருந்தபோது அவர் மீது இன்னொரு கொலை வழக்கும் வந்தது (அதிலும் பின்னர் விடுதலையானார்). அம்பத்தூர் முதல் பல்லாவரம் வரை எந்த வீட்டிலும் அப்போது அந்தப் பேச்சுதான். எங்கள் பார் ரூமிலேயே "இதுக்கு எதுக்கு விசாரணை" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டவர்களும் பெண் குழந்தையைப் பெற்றவர்கள். அவர்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரி 19 அன்று அவருக்குத் தூக்கு விதித்தது. அதே ஆண்டு ஜூலை 10 அன்று உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஊர் நிம்மதி அடைந்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வில், எல்லாவற்றையும் ரத்து செய்து அவரை விடுதலை செய்தது.

ஏன்? குற்றச்சாட்டு வனைந்த அன்று அவருக்கு வக்கீலே இல்லை. சட்ட உதவி வக்கீல் 2017 டிசம்பர் 13 அன்றுதான் வந்தார். அடுத்த சில நாளிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. தூக்கு விழக்கூடிய வழக்கில், கட்டைப் படிக்கவே அவகாசம் இல்லாமல் ஒருவர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருந்தது. குற்றவாளி என்று முடிவு சொன்ன அதே நாளில் தண்டனையையும் விதித்தார்கள். அந்த மனிதரைப் பற்றி எந்த அறிக்கையும் கேட்கவில்லை. சிசிடிவி பதிவு இருப்பதாகச் சொன்னார்கள், சட்டப்படி நிரூபிக்கவில்லை. கடைசியாக ஒன்றாகப் பார்த்த சாட்சியும், கண்டெடுப்புகளும், தடய அறிவியல் ஆதாரமும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மறு விசாரணைக்கு அனுப்பலாமே என்ற கேள்வி எழுந்தபோது, எட்டு ஆண்டுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் நீதிமன்றம் ஆதாரங்களைத் தானே எடை போட்டது. எதுவும் நிற்கவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் எல்லாம் ஒரே கேள்வி: "என்ன சார், விட்டுட்டாங்களே?" நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். அந்தக் குழந்தையைப் பெற்றவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பது உண்மை. அதை அவர்களிடமிருந்து பறித்தது 2025 தீர்ப்பு அல்ல. அவசரமும் அரைகுறைப் புலனாய்வும் 2017லேயே பறித்துவிட்டன. எதிரிக்கு நல்ல வக்கீல் இருந்து, ஒவ்வொரு ஆதாரத்தையும் செங்கல்பட்டிலேயே தட்டிப் பார்த்திருந்தால், புலனாய்வின் ஓட்டைகள் அப்போதே தெரிந்திருக்கும், அடைக்க வழியிருந்தால் அடைத்திருக்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்த காவலர்களின் குடும்பங்களும் இப்படித்தான் முப்பது ஆண்டு கோர்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

தண்டனை விசாரணை என்று நாங்கள் சொல்லும் சடங்கைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். குற்றவாளி என்று தீர்ப்பு வாசித்ததும் நீதிபதி எதிரியிடம் தண்டனை குறித்து ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்பார். எதிரி கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நான் எந்தத் தப்பும் செய்யல. வயசான அம்மா இருக்காங்க. குறைந்தபட்சத் தண்டனை குடுங்க" என்பார். அது நாலு வரியாகத் தட்டச்சாகும். வக்கீல் எழுந்து, இது முதல் குற்றம், கருணை காட்டுங்கள் என்பார். அது இன்னும் இரண்டு வரி. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தண்டனை. மேல் நீதிமன்றம் ஒரு மனிதனின் வாழ்க்கையை எடை போட வேண்டுமென்றால் அதன் கையில் இருப்பது இந்த ஆறு வரிதான்.

இது மாறியாக வேண்டும் என்று சட்டம் இப்போது தெளிவாகவே சொல்கிறது. 2019-இல் அனோகிலால் வழக்கில், தூக்கு விழக்கூடிய வழக்குக்கு நியமிக்கும் சட்ட உதவி வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும், தயாராக 7 நாளாவது தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2022-இல் மனோஜ் வழக்கில், எதிரியின் மனநிலை மதிப்பீடு, குடும்பப் பின்னணி, சிறை நடத்தை ஆகியவற்றை விசாரணை நீதிமன்றத்திலேயே வாங்க வேண்டும் என்றது. 2025 ஆகஸ்டில் வசந்த துபாரே வழக்கில், இந்த நெறிகளை மீறி விதித்த தூக்கை இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் திறந்து பார்க்கலாம் என்றது. 2014-இல் முகமது ஆரிஃப் தீர்ப்பு, தூக்கு வழக்கின் சீராய்வு மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று ஏற்கெனவே வழி செய்திருந்தது. அந்த வழியில்தான் தர்மபுரி பேருந்து எரிப்பு வழக்கில் மூவரின் தூக்கு 2016-இல் ஆயுளானது.

கடலூர் மாவட்டத்துச் சுந்தரராஜன் வழக்கும் அப்படியே. 2009-இல் ஏழு வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கு. 2013-இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது, வீட்டுக்கு ஒரே ஆண் பிள்ளையைக் கொன்றான் என்பதையும் குற்றத்தைக் கூட்டும் காரணமாகச் சேர்த்து. 2023 மார்ச்சில் சீராய்வு செய்த அமர்வு, கொல்லப்பட்ட குழந்தை ஆணா பெண்ணா என்பது தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றது. குற்றம் நிரூபணமானது சரியே என்றும் சொன்னது. பிறகு சிறைப் பதிவேட்டைப் பார்த்தது. தப்பிக்க முயன்றதும் அதில் இருந்தது, உணவு தயாரிப்பில் டிப்ளமோ படித்ததும் இருந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்துத் தூக்கை, குறைப்பின்றி 20 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றியது. அளவான தண்டனை என்று நான் மனதார ஏற்கும் தீர்ப்பு அது. குற்றத்தை அது மன்னிக்கவில்லை. அந்தப் பதிவேடு கீழ் நீதிமன்றத்திலேயே கேட்கப்பட்டிருந்தால் அவர் பத்தாண்டுக்கு மேல் தூக்கு நிழலில் கிடந்திருக்க வேண்டாம்.

பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் திருவள்ளூரிலும் இப்போது தொழில் செய்யும் இளம் வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். கொலை வழக்கில் சட்ட உதவியாக உங்களை நியமித்தால், அவகாசம் கேட்டு எழுத்தில் மெமோ போடுங்கள், மறுத்தால் மறுத்ததும் ஏட்டில் ஏறும். எதிரியின் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பள்ளிச் சான்று, மருத்துவச் சீட்டு, அவரை வளர்த்தவரின் வாக்கு என்று எது கிடைத்தாலும் குறியீடு செய்யுங்கள். நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் மனநல மதிப்பீடும் சிறை அறிக்கையும் கேட்டு மனுப் போடுங்கள். குற்றவாளி என்று அறிவித்த அன்றே தண்டனை வேண்டாம், வேறு நாள் கொடுங்கள் என்று கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆர்.டி. எடுத்து வாதாடப் போகிறவருக்கும், அதைக் கேட்கப் போகிற நீதிபதிகளுக்கும் நீங்கள் சேர்த்துவைக்கும் அந்தக் காகிதங்களைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.